மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் நியாயஸ்தலத்து மொழியும்

குடகு மலையிற் பிறந்து, கல்லணையைக் கடந்து, பல கிளைகளாகப் பிரிந்து, கழனிதோறும் புகுந்து வளஞ் செய்யும் காவிரி, கடலிற் கலப்பதற்குச் சற்று முன்னர் மாயூரம் என்னும் பழம்பதியைத் தழுவிச் செல்கின்றது. ஐப்பசித் திங்களில் துலா முழுக்கிற்காக மக்கள் திரளும் இவ்வூர், 1982-ஆம் ஆண்டு முதல் மயிலாடுதுறை என வழங்கப்படுகின்றது. 2020-ஆம் ஆண்டில் தனி மாவட்டத்தின் தலைநகராகவும் ஆயிற்று. ஊரின் பெயர் மாறிய பின்னரும், மாயூரம் என்ற சொல்லைத் தம் பெயரினின்றும் பிரிக்க இயலாதவாறு பிணைத்துக்கொண்ட பெரியார் ஒருவர் உளர். அவரே முன்சீப் வேதநாயகம் பிள்ளை ஆவார்.

தமிழ் பயிலும் மாணவருள் அவர் பெயரை அறியாதார் இலர். தமிழில் முதன் முதல் நாவல் எழுதியவர் யார் என்னும் வினாவிற்கு விடையாக அவர் பெயரை மனனஞ் செய்து, அவ்வளவில் அமைந்துவிடுகின்றோம். அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து போற்றிய கொள்கை ஒன்று உண்டு. ஆளுவோரின் மொழி ஆளப்படுவோர்க்கு விளங்காதாயின், ஆட்சி எத்துணை நல்லதாயினும் அதிற் கொடுமை கலந்தே நிற்கும் என்பதே அக்கொள்கையின் சாரம். அதனை முன்னிறுத்தி அவர் வரலாற்றை ஒருவாறு ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில், 1826-ஆம் ஆண்டு அக்டோபர் 11-ஆம் நாள், கத்தோலிக்க கிறிஸ்தவ வேளாளர் குடும்பம் ஒன்றில் வேதநாயகம் தோன்றினார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. இளமையில் திருச்சி நியாயஸ்தலத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்த தியாகராச பிள்ளை என்பாரிடம் தமிழும் ஆங்கிலமும் கற்றார். ஆசிரியரே இரு மொழிகளுக்கும் இடையில் பாலமாக நின்று பிழைத்தவர் ஆதலின், ஒரு மொழியில் உரைத்ததை மற்றொரு மொழியில் மாறாது உரைப்பது எத்துணை அரிய செயல் என்பதனை மாணவரும் இளமையிலேயே உணர்ந்திருப்பார்.

அந்நாளில் சோழ நாட்டு உழவன் இருந்த நிலையைச் சிறிது எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதினாறாம் நூற்றாண்டு முதல் 1673 வரை தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னர் அவையில் தெலுங்கு ஓங்கி நின்றது. பின்னர் வந்த மராட்டிய மன்னர் அரண்மனைக் கணக்குகள் மராத்தி மொழியில், மோடி எழுத்தில் எழுதப்பட்டன. 1799-இல் நாட்டின் ஆட்சி கும்பினியார் கையில் வந்தது. 1855-இல் சிவாஜி மன்னர் ஆண் வாரிசின்றி இறந்தபின் அரசுரிமையும் மறைந்தது. ஆங்கிலம் அரியணை ஏறிற்று. அரசர் மாறினர்; அவை மொழி மாறிற்று; நாற்று நட்டவனும் கதிர் அறுத்தவனும் பேசிய மொழி மட்டும் மாறவில்லை. தான் விளைத்த நெல்லிற் பெரும் பகுதியை வாரமாகவும் வரியாகவும் அளந்து கொடுத்தவன், அதனை வாங்கியவர் எழுதிய ஓலையையோ தாளையோ தானே படித்து அறிய இயலாதவனாகவே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தான்.

இத்தகைய காலத்தில், 1848-ஆம் ஆண்டு, வேதநாயகம் பிள்ளை திருச்சி நியாயஸ்தலத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். ஈராண்டில் மொழிபெயர்ப்பாளரும் ஆயினார். மொழிபெயர்ப்பாளன் நாற்காலி தாழ்ந்ததாயினும், அதிலிருந்து காணும் காட்சி பெரிது. ஒரு பக்கம், தன் வயலும் வீடும் போகுமோ நிற்குமோ என அஞ்சி நிற்கும் குடியானவன். மறு பக்கம், அவன் சொல்லை நேரே அறியமாட்டாத துரை. இருவர்க்கும் நடுவில் ஒரு சொல் வழுவினும் ஒரு குடும்பம் வழுவிவிடும். இக்காட்சியை நாடோறும் கண்டவர், பிற்காலத்தில் நீதியையும் மொழியையும் ஒன்றாகவே எண்ணியதில் வியப்பில்லை.

அதன்பின் அவர் மாவட்ட முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீகாழி, மாயூரம் ஆகிய ஊர்களில் நீதி வழங்கினார். மாயூரத்தில் மட்டும் பதின்மூன்று ஆண்டுகள் முன்சீப்பாக இருந்தமையால் அவ்வூர்ப் பெயர் அவர்க்கு அடைமொழியாயிற்று. அவர் நீதி வழங்கிய தரங்கம்பாடி, 1845 வரை டேனியர் வசம் இருந்த துறைமுகம். 1706-இல் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், கடற்கரைச் சிறார்களோடு மணலில் அமர்ந்து தமிழ் எழுதப் பழகி, அச்சுக்கூடமும் அமைத்துப் புதிய ஏற்பாட்டை 1715-இல் தமிழில் நிறைவுற வெளியிட்டார் என்பது நம் கல்லூரி மாணவர் பலரும் அறிந்த செய்தி. வேதம் மக்கள் மொழியில் வந்த ஊரிலே சட்டம் இன்னும் மக்கள் மொழிக்கு வாராதிருந்தது. அக்குறையை நீக்கும் பணி, பிறிதொரு திருச்சபையைச் சார்ந்த இம்முன்சீப்பிற்கு வாய்த்தது.

அக்காலத்துக் கீழ் நியாயஸ்தலங்களுக்கு வழிகாட்டியாயிருந்தவை சென்னைச் சதர் அதாலத்து என்னும் மேல் மன்றத்தின் தீர்ப்புகளாம். அவை யாவும் ஆங்கிலத்தில் இருந்தன. எந்த விதியின்படி தன் வழக்கு வெல்லும் அல்லது தோற்கும் என்பதை வாதியும் அறியான், பிரதிவாதியும் அறியான். வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரையிலான அத்தீர்ப்புகளைத் தொகுத்துத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862-இல் வெளியிட்டார். அதே ஆண்டிலேதான் சதர் அதாலத்து நீங்கிச் சென்னை ஹைகோர்ட்டு நிறுவப்பட்டது; இந்தியத் தண்டனைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. அரசாங்கம் புதிய மன்றத்தையும் புதிய சட்டத்தையும் தந்த ஆண்டில், முன்சீப் ஒருவர் அரைநூற்றாண்டுத் தீர்ப்புகளை மக்கள் கையில் தந்தார். கவிதையும் கதையும் அல்லாத இந்நூலை இன்று படிப்பார் அரியர். எனினும் அவர் செய்த பணிகளுள் இதுவே தலையாயது என்று துணிந்து கூறலாம். ஏனெனின், விதியை மறைத்து வைப்பதே அதிகாரத்தின் முதற் படைக்கலம். அதனை வெளிப்படுத்துவதே குடிகளின் முதற் காவல்.

அவர் நூல்கள் பல துறையின. 1859-இல் இயற்றிய நீதிநூலில் அரசர் இயல்பும் குடிகள் இயல்பும் கைக்கூலியின் கேடும் கூறினார். கைக்கூலி வாங்குதற்கு வாய்ப்புள்ள நாற்காலியில் இருந்துகொண்டே அதனை இழித்துப் பாடியமை கருதத்தக்கது. 1869-இல் பெண்மதி மாலை இயற்றிப் பெண் கல்வியின் இன்றியமையாமையை வற்புறுத்தினார். 1878-இல் வெளிவந்த சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள், எச்சமயத்தாரும் கூடிப் பாடுதற்கு ஏற்ற பாடல்களைக் கொண்டது. அவர் நட்பும் அத்தகையதே. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். திருவாவடுதுறை ஆதீனத்துத் தலைவர் சுப்பிரமணிய தேசிகர்மீது கிறிஸ்தவராகிய இவர் பாடல்கள் பாடினார். சைவ மடத்தின் வாயிலும் கத்தோலிக்கர் இல்லத்தின் வாயிலும் தமிழ் என்னும் ஒரே திறவுகோலுக்குத் திறந்தன.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தின்போது அவர் தம் கைப்பொருளைச் செலவிட்டுக் கஞ்சி வார்த்தார். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வறச்செயலை வியந்து கீர்த்தனம் ஒன்று பாடினார். பஞ்ச காலத்திலும் இந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து தானியம் கப்பலேறியது. ஒருபுறம் மூட்டைகள் கடலேற, மறுபுறம் மக்கள் மடிந்தனர்.

அப்பஞ்சம் முற்றும் தீராத 1878-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், லிட்டன் பிரபுவின் அரசாங்கம் சுதேச பாஷைப் பத்திரிகைச் சட்டத்தை இயற்றியது. இந்திய மொழிகளில் பத்திரிகை அச்சிடுவோரிடம் பிணைப்பத்திரம் கேட்கவும், அச்சு இயந்திரத்தைப் பறிக்கவும் அதிகாரிகளுக்கு உரிமை தரப்பட்டது. நியாயஸ்தலத்தில் முறையிட வழியில்லை. ஆங்கிலப் பத்திரிகைகளை இச்சட்டம் தீண்டவில்லை. ஆகவே ஒரே கருத்து ஆங்கிலத்தில் எழுதப்படின் அபிப்பிராயம், தாய்மொழியில் எழுதப்படின் குற்றம் என்றாயிற்று. வங்காளத்தில் அமிர்த பஜார் பத்திரிகை ஒரே இரவில் ஆங்கிலப் பத்திரிகையாக மாறித் தன்னைக் காத்துக்கொண்டது. பின்னர் ரிப்பன் பிரபு காலத்தில் இச்சட்டம் நீக்கப்பட்டது. எனினும் மக்கள் தமக்குள் தம் மொழியிற் பேசிக்கொள்வதையே அதிகாரம் அஞ்சுகின்றது என்னும் உண்மையை அது நமக்கு உணர்த்திச் சென்றது.

இச்சட்டம் உயிரோடிருந்த 1879-ஆம் ஆண்டிலேதான் பிரதாப முதலியார் சரித்திரம் அச்சேறியது. தமிழில் வசன நூல்கள் இல்லாக் குறையைத் தீர்க்கவே அதனை எழுதியதாக ஆசிரியர் கூறுகின்றார். கதைத் தலைவி ஞானாம்பாள், காணாமற்போன கணவனைத் தேடி ஆண் வேடம் பூண்டு செல்லுங்கால், விக்கிரமபுரி என்னும் நாட்டிற்கு அரசனாகத் தேர்ந்தெடுக்கப்படுகின்றாள். கெட்ட அதிகாரிகளைத் திருத்தி, நீதியை நிலைநாட்டி, இறுதியில் ஆட்சியை உரியவளிடம் ஒப்படைத்து நீங்குகின்றாள். அதிகாரத்தைப் பெறுவதினும் அதனை விட்டு நீங்குதல் அரிது என்பதனை உபதேசமாகச் சொல்லாது கதையாகவே காட்டிவிட்டார்.

அக்கதையினூடே நியாயஸ்தல மொழியைப் பற்றி அவர் தொடுக்கும் வாதம் இன்றும் படித்தற்குரியது. நீதிபதி தமிழர், வக்கீல்கள் தமிழர், வழக்காடுவோரும் தமிழர். ஆயினும் விவாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடப்பது என்ன நியாயம் என்று அவர் வினவுகின்றார். தன் உயிரும் உடைமையும் பற்றித் தன் எதிரிலேயே நிகழும் பேச்சைத் தானே அறியாது நிற்கும் வாதியின் நிலையை நகைச்சுவையோடு தீட்டுகின்றார். அந்நகையின் அடியிலே வேதனை உறைகின்றது. முப்பது ஆண்டுகளாக நியாயஸ்தலத்தை உள்ளிருந்தும் அருகிருந்தும் கண்டவர் கூற்று ஆதலின், அது வெறும் மொழிப்பற்றன்று, அனுபவத்தின் முறையீடு.

ஈண்டு ஒன்று கூறாது விடுவது நேர்மையாகாது. வேதநாயகம் பிள்ளை ஆங்கில ஆட்சியை எதிர்த்த வீரர் அல்லர். அவ்வாட்சியின் நன்மைகளை மனமுவந்து ஏற்றவர். ஆங்கிலக் கல்வியையும் விரும்பியவர். அயலார் ஏன் ஆளுகின்றனர் என்று அவர் கேட்கவில்லை; ஆளுவோர் ஏன் விளங்கும்படி பேசவில்லை என்றே கேட்டார். இது சிறிய வினாவாகத் தோன்றலாம். ஆனால் அடங்கிய குரலில் எழும் சிறிய வினாவே சில வேளைகளில் ஆழமாகச் சென்று ஊன்றும். ஆளுவோர் அயலாராயினும் உள்நாட்டாராயினும், முடியரசராயினும் குடியரசராயினும், அவ்வினா அவர்முன் நின்றுகொண்டேயிருக்கும்.

அவர் உத்தியோகத்தினின்றும் விலகிய பின்னர் மாயூரம் நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1887-இல் சுகுணசுந்தரி என்னும் இரண்டாவது நாவலை வெளியிட்டார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 21-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார்.

அவர் மறைந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1903-இல், பீகாரிலுள்ள மோதிஹாரியில் அபினி இலாகா உத்தியோகஸ்தர் ஒருவர்க்கு மகன் பிறந்தான். அவனே பிற்காலத்தில் ஜார்ஜ் ஆர்வெல் என்னும் புனைபெயரால் உலகறிந்த ஆங்கில எழுத்தாளன் ஆயினான். 1922 முதல் 1927 வரை பர்மாவில் அதே சாம்ராச்சியத்தின் போலீஸ் உத்தியோகம் பார்த்தவன், மனங்கசந்து விலகியவன். அரசியலுக்கும் மொழிக்கும் உள்ள தொடர்பை 1946-இல் ஒரு கட்டுரையிலும், சர்வாதிகாரத்தின் முழு உருவத்தை 1949-இல் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு என்னும் நாவலிலும் காட்டினான். மக்கள் எண்ணத்தை அடக்க விரும்பும் அரசு, அகராதியைச் சுருக்கிச் சொற்களையே அழித்துவிடும் என்பது அவன் கண்ட கொடுங்கனவு.

மாயூரத்து முன்சீப்பும் பர்மாவின் போலீஸ்காரரும் ஒரே சாம்ராச்சியத்தின் ஊழியர். அதன் தாள்களில் ஓடிய மொழியை உள்ளிருந்து கண்டவர். ஒருவர் கண்டது மக்களிடமிருந்து சொல்லைப் பறிக்கும் அரசு. மற்றவர் அதற்கு எழுபது ஆண்டுகள் முன்னரே கண்டது, மக்கள் சொல்லைப் பறிக்காமலே, தன் சொல்லை அவர்க்கு எட்டாத உயரத்தில் வைத்துக்கொள்ளும் அரசு. முன்னையது கொடிது, ஆயினும் பின்னையது பழகிப்போவது. பழகிப்போன தீமையைத் தீமையென்று காண்பதற்குக் கூரிய கண் வேண்டும்.

நாடு விடுதலை பெற்றபின் என்ன ஆயிற்று? 1956-இல் நம் மாகாணத்தில் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் இயற்றப்பட்டது. 1976-இல் செய்த திருத்தத்தால் கீழ் நியாயஸ்தலங்களிலும் தமிழுக்கு இடம் வாய்த்தது. ஆனால் அரசியலமைப்பின் 348-ஆம் பிரிவின்படி உயர்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலமே. ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாகாணங்களின் உயர்நீதிமன்றங்களில் இந்தி வழங்க இசைவு கிடைத்தது. தமிழை உயர்நீதிமன்ற மொழியாக்கக் கோரி 2006-இல் சட்டசபை தீர்மானம் நிறைவேற்றியும் அவ்விசைவு கிடைத்திலது. 2019 முதல் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்புகள் சிலவற்றை இந்திய மொழிகளில் பெயர்த்து வெளியிட்டு வருகின்றது. 1862-இல் தனியொருவர் விளக்கு வெளிச்சத்தில் செய்த பணியை நாட்டின் தலைமை நியாயஸ்தலம் மேற்கொள்ள நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் சென்றன.

யான் இக்கட்டுரைக்கு இப்பொருளைத் தெரிந்துகொண்ட காரணத்தையும் சொல்லிவிடுகின்றேன். குடமுருட்டிக் கரையில் உள்ள எம் சிற்றூரில் என் பாட்டனார்க்கு மூன்று மா நஞ்சை இருந்தது. அதற்குத் தண்ணீர் பாயும் வாய்க்காலைப் பற்றி அண்டை நிலத்தாரோடு வழக்கு நேர்ந்தது. கீழ் மன்றத்தில் தமிழிலே தீர்ப்பாயிற்று, பாட்டனார் வென்றார். மேல் அப்பீலில் ஆங்கிலத்தில் தீர்ப்பாயிற்று, தோற்றார். அத்தாளை மடித்துத் தம் வேதாகமத்திற்குள் வைத்துக்கொண்டு, எதிரியின் பணம் பேசிற்று என்றே சாகுமளவும் நம்பியிருந்தார். ஜெபத்தில் எல்லாரையும் மன்னித்தார். முகம் அறியாத அந்நீதிபதியை மட்டும் மன்னித்தாரில்லை. சென்ற ஆண்டு விடுமுறையில் யான் அத்தாளைப் பிரித்துப் படித்தேன். அதில் பணம் பேசவில்லை. பழைய பாகப் பத்திரம் ஒன்று முறைப்படி தாக்கல் செய்யப்படாமையே தோல்விக்குக் காரணம் என்று, பொறுமையாகவும் தெளிவாகவும், பத்துப் பக்கங்களில் எழுதியிருந்தது. தமிழில் இருந்திருப்பின் ஒரு நாழிகையில் அவர்க்குப் படித்துக் காட்டியிருக்கலாம். நிலம் மீண்டிராது, மனம் மீண்டிருக்கும். விளங்காத தீர்ப்பு தோற்றவனுக்கு மட்டுமன்று, நேர்மையாகத் தீர்ப்பளித்தவனுக்கும் அநீதி செய்துவிடுகின்றது. இதனை அறிந்த பின்னரே வேதநாயகம் பிள்ளையின் வாதம் எனக்கு முழுதும் விளங்கிற்று.

இறுதியாக, தமிழ் ஆனர்ஸ் வகுப்பினராகிய நம்மை நோக்கியும் ஒரு வார்த்தை. தமிழில் எழுதிவிட்டால் மட்டும் குறை தீர்ந்துவிடாது. மக்களுக்கு விளங்காத தமிழும் உண்டு. அரசாங்க அறிக்கைகள் பலவற்றில் அதனைக் காணலாம். கடுஞ்சொற்களைக் கோத்துப் புலமை காட்டும் நம் எழுத்தும் உழவன்முன் எழும்பும் மற்றொரு சுவரே ஆகும். இக்கட்டுரையும் அக்குற்றத்தினின்றும் முற்றும் நீங்கியதென்று யான் சொல்லத் துணியேன். செய்யுள் வன்மை மிக்க வேதநாயகம் பிள்ளை, தம் காலத்து மக்கள் வழங்கிய வசனத்திற்கு இறங்கி வந்தார். அவ்விறக்கமே அவர் ஏற்றம்.

மாயூரத்தின் வழியே காவிரி இன்றும் செல்கின்றது. தலைமதகில் எத்துணைத் தண்ணீர் நின்றாலும், கடைமடை வயலுக்கு வந்து பாயாதாயின் உழவனுக்குப் பயனில்லை. நீதியும் அத்தகையதே. அது கடைமடை வரை பாய்வதற்குரிய வாய்க்கால் மக்கள் பேசும் மொழியாம். அவ்வாய்க்காலைத் தம் கையால் முதலில் வெட்டிய முன்சீப்பை நினைவிற்கொண்டு, தூர்ந்த இடங்களை நம்மால் இயன்றவரை தூர்வாருவோமாக.